இடது பூட்ஸுக்குள் வைத்த மெத்தை

என் மூத்த மகளின் பூட்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் ஆத்திரத்தில் எழுத்து கோணிப் போகிறது. அது நடந்து ஐந்து வருஷமாகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இது மூன்றாம் தடவை. முதல் தடவை என் கணவரின் அக்காவை மட்டும் திட்டியிருந்தேன். இரண்டாம் தடவை என்னை மட்டும் திட்டியிருந்தேன். படித்துப் பார்த்தால் இரண்டிலும் பாதிதான் உண்மை இருந்தது.

மகளுக்கு மூன்று வயது முடியும் சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. இடது காலில் இருந்த பலத்தையும் கூடவே கொண்டுபோனது. எண்ணெய் தேய்த்தும் பிடித்து நடத்தியும் ஒரு வருஷத்தில் மறுபடி நடந்தாள். ஆனால் அந்தக் கால் மற்றதோடு சேர்ந்து வளரவில்லை. அவளைப் பாயில் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் வித்தியாசம் தெரியும். மறுநாள் நான்தான் கோணலாகப் பிடித்தேனோ என்று தோன்றும். இப்படியே நான்கு மாதம் கடத்தினேன். அதற்காக என்னை நானே எத்தனை தடவை அடித்துக்கொண்டாலும் தகும்.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்கார டாக்டர் நாடாவால் இரண்டு தடவை அளந்தார். இடது கால் முக்கால் அங்குலம் குறைவு. அவர் தமிழ் மெதுவாகப் பேசுவார், ஆனால் பிசகாமல் பேசுவார். பிள்ளை நிற்கும்போதும் நடக்கும்போதும் குறைந்த காலை அந்த அளவுக்கு உயர்த்திக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு சாயும், அதைத் தொடர்ந்து முதுகும் வளையும் என்றார். "ஏழு, எட்டு வயதுக்குள் வளைந்தால் பிறகு நிமிர்த்த முடியாது, அம்மா." அப்போது அவளுக்கு நாலரை வயது.

இரண்டு வழி சொன்னார். பூட்ஸின் அடித்தோலையே கனமாக வைத்துத் தைக்கலாம். அல்லது பூட்ஸுக்குள், காலுக்கும் தோலுக்கும் நடுவே, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு தக்கை வைக்கலாம். கழற்றுவது நல்லது என்றார். வேர்வையில் நனைந்தால் எடுத்துக் காயப்போடலாம், கால் வளர்ந்தால் வேறு வெட்டி வைக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். நான் உடனே சரியென்று தலையாட்டினேன். அவர் சொன்ன எந்தக் காரணத்துக்காகவும் ஆட்டவில்லை. உள்ளே வைத்தால் வெளியே தெரியாது. அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது.

திரும்பி வரும்போது வில்வண்டியில் என் கணவர் வாயைத் திறந்தார். தக்கலை சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அதிகம் பேசாதவர்.

"வீட்டுல குட்டை கிட்டைன்னு ஒண்ணும் சொல்லாண்டாம். பெண்பிள்ளையாக்கும். பேரு விழுந்தா பின்ன மாறாது."

நான் ஏழாம் வகுப்பு வரை படித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று பிரம்பை வைத்துக்கொண்டு கேட்டவள். அந்த வண்டியில் உட்கார்ந்து ஒரு பொய்ச் சொல்லைத் தேடினேன். கிடைத்தது. காய்ச்சலில் பாதம் மென்மையாகிவிட்டது, அதற்கு டாக்டர் ஒரு மெத்தை வைக்கச் சொன்னார் என்று வீட்டில் சொல்வோம். மெத்தை. கேட்கவும் அழகாக இருந்தது. என் கணவர் தலையை ஆட்டி, "கொள்ளாம்" என்றார்.

எங்கள் வீடு என் கணவரின் அக்கா கையில் இருந்தது. கல்யாணமான வருஷமே விதவையாகித் தம்பியிடம் வந்தவர். நான் மைனி என்பேன், மகள் மாமி என்பாள். மிஷன் வீட்டு அம்மாவுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பார். அவர் கைத்தையலில் ஒரு தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது. செருப்பு வீட்டு நடை தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். கச்சேரி ஆபீசர் ஒருவர் வந்தபோது அவரையே வாசலில் நிறுத்திக் கழற்றச் சொன்னவர். பிள்ளை வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நடக்க வேண்டும் என்று நான் பயந்து பயந்து சொன்னபோது, பூட்ஸைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்து பூட்ஸின் அடியைத் தாமே துடைத்து, "உள்ளே வா மக்களே" என்றார். நல்லவர்தான். அதை மறைத்துவிட்டு எழுதக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் மெத்தை தக்கையால் ஆனது, மேலே மெல்லிய ஆட்டுத்தோல். இறகு மாதிரி கனமில்லாமல் இருந்தது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய பிறகு ஓரம் ஓரமாகப் பொடிந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வெட்கப்பட்டு நானே செய்யத் தொடங்கினேன். பள்ளியில் படிக்கும்போது போர்த்திய கம்பளியை வெட்டி நாலு மடிப்பாகத் தைத்தேன். வேர்வையை நன்றாக உறிஞ்சியது, ஆனால் ஒரு வாரத்தில் அமுங்கித் தோசை மாதிரி ஆனது. கமுகம்பாளையை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஈரம் தாங்கும், உயரம் குறையாது, ஆனால் அடிக்கடி வழுக்கும். நடக்க நடக்கக் கறக் கறக்கென்று சத்தம் வேறு. தென்னை மட்டை அடியிலிருந்து வலை மாதிரி எடுக்கிற சில்லாட்டை வெயில் காலத்துக்கு மட்டும் சரி. மேல்துணிக்குக் கீழே ஒரு அடுக்கு வைத்தால் காற்று ஓடும், பாதத்தில் வேர்க்குரு வராது.

கடைசியில் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் வலையில் கட்டுகிற மிதவைக் கட்டை நாலைந்து கொண்டுவந்து தந்தாள். தண்ணீரில் கிடந்தே பழகிய கட்டை. மழை அதை ஒன்றும் செய்யாது. கத்தியால் செதுக்கினால் சொன்னபடி கேட்கும். அடியில் அது, நடுவில் ஒரு மடிப்புக் கம்பளி, மேலே பழைய மெத்தையின் ஆட்டுத்தோல். குதிகால் பக்கம் முக்கால் அங்குலம், விரல் பக்கம் கொஞ்சம் சரிவு. இதுதான் நின்றது. இரண்டு செய்து, ஒன்றைப் போடும்போது மற்றதை அடுப்பு மேடையில், சூடு நேரே படாத மூலையில் காயவைப்பேன். அதற்குள் எனக்கே ஒன்று நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது. சுகத்துக்கு வைப்பது மெத்தென்று இருக்க வேண்டும், உயர்த்த வைப்பது கெட்டியாக இருக்க வேண்டும். நான் கட்டையைச் செதுக்கி வைத்துவிட்டு அதை மெத்தை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் பூட்ஸ் கட்டுவது எங்கள் இருவருக்கும் பொதுவான வேலை. மகளைப் பெஞ்சில் உட்காரவைப்போம். நான் இடது பூட்ஸில் மெத்தையை வைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, கயிறு கட்டுவேன். மைனி வலதைக் கட்டுவார். வலதில் வைப்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் நான் அதைத் தொடுவதேயில்லை.

டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்லியிருந்தார். முதல் தடவை போனபோது நடை நேராகிறது என்றார். எனக்குத் தெய்வமே இறங்கி வந்து சொன்னது மாதிரி இருந்தது. அதற்கடுத்த மாதம் பிள்ளை மறுபடி சாய்ந்து நடக்கிற மாதிரி பட்டது. கணவரைக் கேட்டால், "உனக்குத் தோணலாக்கும்" என்பார். ஒருவேளை கட்டை தேய்ந்திருக்குமோ என்று ஒரு மடிப்புக் கம்பளி கூட்டினேன். சாய்வு குறையவில்லை. இன்னொரு மடிப்புக் கூட்டினேன். டாக்டரைக் கேட்காமல் கூட்டலாமா என்று ஜெபம் பண்ணும்போதும் அதே நினைப்பு. வலது குதிகாலில் ஒரு புண் வந்தது. பூட்ஸ் சிறுத்துவிட்டது போலிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் தடவினேன். புண் வலது காலில் வருவானேன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பகல் முழுக்க இடது காலையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையைப் பூட்ஸோடு நடக்கச் சொன்னார் டாக்டர். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். அவர் முகம் மாறியது. பெஞ்சில் உட்காரவைத்து இரண்டையும் கழற்றினார். இடதில் கைவிட்டு என் மெத்தையை எடுத்து மேசைமேல் வைத்தார். வலதில் கைவிட்டார். அதிலிருந்தும் ஒன்று எடுத்து, பக்கத்தில் வைத்தார்.

என் மெத்தை மாதிரியே. அதே மிதவைக் கட்டை, அதே சரிவு, நான் கூட்டிய இரண்டு மடிப்புகூட அப்படியே. சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பொடித்தையல். என் தையல் அதன் பக்கத்தில் குழந்தை போட்ட தையல் மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரு காலுக்கு மட்டும்னு அன்னைக்கே சொன்னோமே. படிச்ச அம்மாதானே நீங்க?" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் திட்டவில்லை. "இரண்டையும் உயர்த்தினால் ஒன்றையும் உயர்த்தாததுபோல. இடுப்பு சாயத் தொடங்கியிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது ஆரு வச்சது மக்களே?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் மேசையில் இருந்ததைப் பார்த்தாள். "மாமி. அம்மைக்கிட்டச் சொல்லப்பிடாதுன்னு சொன்னா."

வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் விழுங்கிய ஒவ்வொன்றும் தொண்டைக்கு வந்தது. உப்பு கூடியதற்குச் சொன்னது, என் அம்மை வந்தபோது எழுந்து நிற்காதது, எல்லாம். வீட்டுக்குள் நுழைந்தபோது மைனி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மெத்தையை அவர் முன்னால் தரையில் வீசினேன். அவர் முன்னால் நான் ஒரு பொருளை வீசியது அதுதான் முதல் தடவை.

"மைனி, வலத்தே பூட்சுல இத எதுக்கு வச்சியள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு எதுக்குட்டி கெடந்து சாடுதே? பிள்ளைதான் கேட்டா. எனக்க மத்த காலு என்ன பாவம் செய்துதுன்னு கேட்டா. ஒரு காலுக்கு மெத்தையும் மத்த காலுக்குக் கட்டாந்தோலுமா? எனக்க நெஞ்சு பொறுக்கல்லே. செய்து குடுத்தேன்."

"எனக்கிட்ட ஒரு வாக்கு கேக்கப்பிடாதா?"

"கேட்டா நீ விடுவியா? பிள்ளைக்கச் சட்டைய அளவுகோலு வச்சு மடக்குகியவ. டாக்டரு ஒண்ணு சொன்னாருன்னா ஒண்ணுதான்னு நிப்பே. போன மாசம் நீ கனம் கூட்டினே, நானும் கூட்டினேன். பிள்ளைக்கு ஒரு காலு தாழ்ச்சியாத் தோணப்பிடாதுல்லா?"

"தாழ்ச்சிதான் மைனி! அவளுக்க இடத்தே காலு குட்டை. குட்டை! அத உயத்தத்தான் வச்சது. ரெண்டுலயும் வச்சா பழைய கோணலு பழையபடியே இருக்கும். இடுப்பு சாயுதுன்னு டாக்டரு சொல்லியாச்சு. எனக்க பிள்ளைக்க முதுக வளைச்சுப் போட்டியளே!"

அவர் கையில் இருந்த கத்தி நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணம் எனக்குப் பிடித்திருந்தது.

"குட்டைன்னு ஆரு எனக்கிட்டச் சொன்னது?" என்றார். சத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. "மெத்தைன்னுதான நீ சொன்னே? முட்டுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா நான் அதக் கையாலத் தொடுவனா? வாழைக்கு முட்டுக் குடுத்து வளந்தவளாக்கும் நான். சாஞ்ச பக்கம்தான் முட்டுக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கியதுக்கு நான் என்ன புத்தி கெட்ட பொட்டியா? மெத்தையாம் மெத்தை! படிச்சவ! ஒரு சொல்லு நேராச் சொல்லத் தெரியல்லே."

அவர் சொன்னது சரி என்பதால் ஆத்திரம் இன்னும் ஏறியது. "சொல்லப்பிடாதுன்னு பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்தியளே, அது செரியா?" என்று கத்தினேன்.

"நீ எனக்குச் சொல்லல்லே. நான் உனக்குச் சொல்லல்லே" என்றுவிட்டு மரச்சீனியை நறுக்கத் தொடங்கினார். இரண்டு துண்டு நறுக்கியபின் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் புறவாசலுக்குப் போனார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கணவர் வந்தார். இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு, "செரி, போட்டு. நடந்தது நடந்துது. இனி பாத்து நடந்தாப் போரும்" என்றார். அந்தச் "செரி, போட்டு" என் காதில் ஈயம் மாதிரி இறங்கியது. வில்வண்டியில் அந்தப் பொய்யைத் தொடங்கிவைத்தவர் அவர். இரண்டு பெண்கள் அதில் விழுந்து அடித்துக்கொண்டபின் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கஞ்சிக்கு உட்கார்ந்தார். அன்றைக்கு நான் அவருக்குத் துவையல் அரைக்கவில்லை. என்னால் செய்ய முடிந்த தண்டனை அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் நாலரை வயதுப் பிள்ளை கேட்டது நியாயம். அவளிடமும் நாங்கள் மெத்தை என்றுதான் சொல்லியிருந்தோம். நல்ல பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த மெத்தை என்று கொஞ்சினோம். அவளும் அதை நம்பினாள், மற்றக் காலுக்கும் கேட்டாள். அவள் காலைப் பற்றி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது, அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை பெஞ்சில் உட்காரவைத்தேன். வலது பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்து, "எனக்க மத்த மெத்தை எங்க?" என்றாள்.

இரவெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. "அது மெத்தை இல்ல மக்களே. முட்டு. உனக்க இடத்தே காலு கொஞ்சம் குட்டை. அதுக்கு மட்டும்தான் முட்டு வேணும்."

"எம்புடு குட்டை?"

கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வைத்துக் காட்டினேன். அவள் உற்றுப் பார்த்தாள்.

"இம்புடுதானா?" என்றாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இவ்வளவு சண்டைக்குப் பிறகு அவள் இன்னும் பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருப்பாள்.

மைனி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. வலது மெத்தையைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டார். ஆனால் பூட்ஸ் கட்ட வராமல் இருக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது பூட்ஸை எடுத்துக்கொண்டார். நான் வலதைக் கட்டினேன். என் முட்டின் ஓரத் தையலைப் பிரித்து அவரே மறுபடி தைத்தார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லவில்லை. அவர் கட்டிமுடித்து நகர்ந்ததும் நான் ஒரு தடவை விரல்விட்டு உயரம் சரியா என்று பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும்.

அதற்கடுத்த தடவை டாக்டர் அளந்து பார்த்து, சாய்வு அதற்குமேல் போகவில்லை என்றார். இருந்த சாய்வு போகுமா என்று கேட்டேன். சிலருக்குப் போகும், பார்ப்போம் என்றார். வலதிலும் மெத்தை இருந்த அந்த இரண்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் முழுக்க நேராகியிருக்குமா என்றும் கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அதை யாரும் சொல்ல முடியாது, அம்மா" என்றார். இன்றைக்கு அவளுக்குப் பத்து வயதாகப் போகிறது. ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள். பாவாடை கட்டும்போது இடது பக்கம் ஒரு விரல் தாழ்ந்து வருகிறது. ஒவ்வொரு தடவையும் நான் அதை ஏற்றிக் கட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு மாதம் நினைவுக்கு வருகிறது.

சாய்வு அதற்குமேல் போகவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தக்கலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். எதிரில் ஒரு அம்மாள், கழுத்து நிறைய நகை. பிள்ளையின் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "பிள்ளைக்குக் காலுல என்னதாக்கும்?" என்றாள்.

உனக்கென்ன என்று கேட்க வாய் துடித்தது. அதை அடக்கினேன். அடக்கியதும், காய்ச்சலில் பாதம் மென்மையாகிவிட்டது என்ற பழைய வாக்கியம் ஒரு எழுத்துக் குறையாமல் நாக்கில் வந்து நின்றது. அத்தனை சண்டை, பேச்சில்லாத அந்த ஒன்பது நாள், இவ்வளவுக்குப் பிறகும்.

"எனக்க இடத்தே காலு குட்டையாக்கும்" என்றாள் மகள். "உள்ளே முட்டு வச்சிருக்கு. பாக்கியளா?"

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஏற்கெனவே குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். அவளைத் தடுக்கக் கை நீண்டது. என் கைமேல் எனக்கே வந்த கோபத்தில் அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தக்கலை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.